கண் பரிசோதகர் கனவும் கனத்த புத்தகப் பையும்: தேர்வு நூல்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

எஸ்.பி.எம். முடிவுகள் வெளிவரும் ஒவ்வோர் ஆண்டும் ஆலய மண்டபங்களிலும் தமிழ்ப்பள்ளி வளாகங்களிலும் உயர்கல்வி வழிகாட்டி நிகழ்ச்சிகள் நடக்கின்றன. அப்படியொரு நிகழ்ச்சியில் ஒரு தாயார் கனத்த துணிப்பையுடன் என் மேசைக்கு வந்தார். மகள் ஆறாம் படிவத்தில் சேர்ந்திருக்கிறாள். கண் பரிசோதனைத் துறையில், அதாவது ஆப்டோமெட்ரியில், பட்டம் பெற வேண்டும் என்பது அவளது ஆசை.

“சார், இதெல்லாம் வாங்கிட்டேன். இது போதுமா, இன்னும் ஏதாச்சும் வாங்கணுமா?” என்று கேட்டு, பையில் இருந்ததை மேசையில் அடுக்கினார்.

நான்கு நூல்கள். முதலாவது, அமெரிக்க ஆப்டோமெட்ரி கல்லூரிகளுக்கான ஓ.ஏ.டி. நுழைவுத் தேர்வு நூல். இரண்டாவது, அதே நாட்டின் பல் மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வு நூல். மூன்றாவது, யாரோ பயன்படுத்தி விற்ற முவெட் பயிற்சி நூல், 2017-இல் அச்சானது. நான்காவது, புலனக் குழு ஒன்றில் வாங்கிய எஸ்.டி.பி.எம். ‘ஊக வினா’ தொகுப்பு, நகலெடுத்துக் கம்பிச்சுருள் போட்டது. எல்லாம் சேர்த்து நானூறு ரிங்கிட்டுக்கு மேல். அந்தக் குடும்பத்துக்கு அது ஒரு மாத மளிகைச் செலவு.

அந்த நான்கில் ஒன்றுகூட அந்தப் பெண்ணை அவள் விரும்பும் இடத்துக்குக் கொண்டு சேர்க்காது. அதை அவரிடம் சொல்வது எனக்கு எளிதாக இல்லை. இது அந்த ஒரு தாயாரின் தவறும் இல்லை. பிள்ளையின் படிப்புக்காக எதையும் செய்யத் துணியும் பெற்றோர் நம்மிடம் நிறைய இருக்கிறார்கள். எதை வாங்க வேண்டும், எதை விட வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்வோர்தான் குறைவு.

முதலில் வாசல் எது என்று பாருங்கள்

இணையத்தில் ‘ஆப்டோமெட்ரி நுழைவுத் தேர்வு’ என்று தேடினால் வந்து நிற்பது பெரும்பாலும் அமெரிக்காவின் ஓ.ஏ.டி. தேர்வுதான். அமெரிக்காவில் ஒரு மாணவர் பல்கலைக்கழகத்தில் அடிப்படை அறிவியல் பாடங்களைப் படித்து முடித்த பிறகே ஆப்டோமெட்ரி கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறார். அங்கே நான்கு ஆண்டுகள் படித்து ‘டாக்டர் ஆஃப் ஆப்டோமெட்ரி’ பட்டம் பெறுகிறார். அந்தக் கல்லூரிகளின் வாசலில் நிற்கும் தேர்வு அது.

மலேசியாவில் நிலைமை வேறு. இங்கே ஆப்டோமெட்ரி என்பது பல்கலைக்கழகப் புகுமுகக் கல்வியை முடித்தவுடன் சேரும் நான்கு ஆண்டு இளங்கலைப் பட்டம். அதற்கென்று தனியான எழுத்துத் தேர்வு எதுவும் கிடையாது. பொதுப் பல்கலைக்கழகம் என்றால் யு.பி.யு. வழியாக விண்ணப்பம். அதில் தகுதிப் புள்ளியின் 90 விழுக்காடு எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் தேர்ச்சியிலிருந்து வருகிறது. மீதி 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைகளுக்கு. முவெட் ஆங்கிலத் தேர்வில் அந்தத் துறை கேட்கும் நிலையையும் எட்ட வேண்டும். சில துறைகளுக்கு நேர்முகத் தேர்வும் உண்டு.

ஆகவே நம் பிள்ளைக்கு ‘ஆப்டோமெட்ரி நுழைவுத் தேர்வு’ என்பது வேறொன்றும் இல்லை. அவள் ஆறாம் படிவத்தில் எழுதும் வேதியியல், உயிரியல், கணிதம், இயற்பியல் தாள்களும், முவெட் தாளும்தான் அந்தத் தேர்வு. இதைப் புரிந்துகொண்டால் அந்தப் பையில் இருந்த முதல் இரண்டு நூல்களும் தாமாகவே விலகிவிடும்.

இடங்களும் குறைவு. எண்பதுகளில் தொடங்கிய யு.கே.எம்.-இன் படிப்பு இத்துறையில் நாட்டின் முன்னோடி. அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகத்திலும் யு.ஐ.டி.எம்.-இலும் இந்தப் படிப்பு உண்டு. ஆனால் யு.ஐ.டி.எம். பூமிபுத்ரா மாணவர்களுக்கானது என்பதால் நம் பிள்ளைகளுக்கு வாசல் இன்னும் குறுகுகிறது. தனியார் பல்கலைக்கழகங்களில் இடம் உண்டு, கட்டணம் அதிகம். அங்கே சேருமுன் அந்தப் பட்டம் மலேசியத் தகுதி முகமையின் அங்கீகாரம் பெற்றதா, அதை வைத்து மலேசிய ஒளியியல் மன்றத்தில் பதிந்துகொள்ள முடியுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். 1991-ஆம் ஆண்டின் ஒளியியல் சட்டப்படி அந்தப் பதிவு இல்லாமல் இத்தொழிலைச் செய்ய முடியாது.

இடம் குறைவாக இருக்கும்போது ஒவ்வொரு புள்ளியும் கணக்கில் வரும். தவறான நூலில் போகும் நூறு மணி நேரம், சரியான நூலில் போயிருக்க வேண்டிய நூறு மணி நேரம்.

அமெரிக்கத் தேர்வு சொல்லும் பாடம்

ஓ.ஏ.டி. நமக்குத் தேவையில்லை. ஆனாலும் அங்குள்ள மாணவர்கள் அதற்கு நூல் தேர்ந்தெடுக்கும் முறையில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

அந்தத் தேர்வில் மொத்தம் 220 வினாக்கள். அறிவியல் பகுதியில் 100: உயிரியல் 40, பொது வேதியியல் 30, கரிம வேதியியல் 30. அடுத்து வாசித்துப் புரிதல் 40, இயற்பியல் 40, கணிதத் திறன் 40. இதை நடத்துவது அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கத்தின் தேர்வுப் பிரிவு. அதனால் பல் மருத்துவ நுழைவுத் தேர்வும் இதுவும் பெரும்பகுதி ஒரே அமைப்பைக் கொண்டவை. ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. பல் மருத்துவத் தேர்வில் வடிவங்களைக் கண்ணால் மதிப்பிடும் பகுதி இருக்கும் இடத்தில், ஆப்டோமெட்ரி தேர்வில் இயற்பியல் இருக்கிறது.

அந்தத் தாயாரின் பையில் பல் மருத்துவ நூல் எப்படி வந்தது என்பதற்கு இதுதான் விளக்கம். ஆப்டோமெட்ரிக்கென்று தனியாக வெளிவரும் நூல்கள் குறைவு என்பதால், அமெரிக்க மாணவர்கள் பல் மருத்துவ நூல்களைப் பொதுவான பகுதிகளுக்குப் பயன்படுத்திக்கொண்டு, இயற்பியலுக்கு மட்டும் வேறு நூல் தேடுகிறார்கள். அவர்களுக்கு அது சரி. ஏனென்றால் அவர்கள் தேர்வின் பகுதிப் பட்டியலை முதலில் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பகுதிக்கு எந்த நூல் என்று பொருத்திப் பார்த்து வாங்குகிறார்கள். நாம் அந்தப் பட்டியலைப் பார்க்காமல், அவர்கள் பரிந்துரைத்த நூலை மட்டும் வாங்கிவிடுகிறோம்.

தேர்வு என்ன கேட்கிறது என்பதிலிருந்து தொடங்கி நூலுக்கு வர வேண்டும். நூலின் அட்டையிலிருந்து தொடங்கித் தேர்வுக்குப் போகக்கூடாது.

முவெட்: பழைய நூல் செய்யும் பாதகம்

மூன்றாவது நூலான 2017-ஆம் ஆண்டு முவெட் பயிற்சி நூல், பார்ப்பதற்குப் பயனுள்ளதாகவே இருந்தது. ஆங்கிலம் ஆங்கிலம்தானே, பழையதாக இருந்தால் என்ன என்று எவருக்கும் தோன்றும்.

ஆனால் 2021-இல் முவெட் அமைப்பே மாறிவிட்டது. பொது ஐரோப்பிய மொழித்தர அளவுகோலுக்கு ஏற்ப அது திருத்தப்பட்டது. முன்பு மொத்தப் புள்ளி 300. அதில் வாசிப்புக்கு மட்டும் 120, எழுத்துக்கு 90, கேட்டலுக்கும் பேச்சுக்கும் தலா 45. இப்போது மொத்தம் 360. நான்கு திறனுக்கும் சமமாகத் தலா 90.

இதன் பொருள் என்ன? முன்பு பேச்சுக்கு 15 விழுக்காடு. இப்போது 25 விழுக்காடு. பழைய நூலில் படிக்கும் மாணவி, வாசிப்புப் பகுதிதான் முக்கியம் என்று நினைத்து அதிலேயே நேரத்தைச் செலவிடுவாள். பேச்சை ஒதுக்கிவிடுவாள். கூச்ச சுபாவம் உள்ள நம் பிள்ளைகள் பலர் தடுக்கி விழுவது அந்தப் பேச்சுப் பகுதியில்தான்.

எழுத்துத் தாளில் சேதம் இன்னும் அதிகம். பழைய முறையில் முதல் வினா, வரைபடங்களையும் அட்டவணைகளையும் பார்த்து அறிக்கை எழுதுவது. பழைய நூல்களில் அதற்கென்றே பல அத்தியாயங்கள் உண்டு. இப்போது அந்த வினா கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு மின்னஞ்சலுக்கோ கடிதத்துக்கோ குறைந்தது 100 சொற்களில் பதில் எழுத வேண்டும். இரண்டாவது வினாவான கட்டுரையும் 350 சொல்லிலிருந்து குறைந்தது 250 சொல் என்று மாறிவிட்டது. பழைய நூலை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் வரைபட அறிக்கை எழுதிப் பழகும் மாணவி, தேர்வில் வராத ஒன்றில் கெட்டிக்காரியாகிறாள்.

மாதிரி வினாத்தாள்களை மலேசியத் தேர்வு மன்றம் தன் அகப்பக்கத்தில் வெளியிடுகிறது. ஒரு காசும் இல்லை. முதலில் அதைப் பதிவிறக்கம் செய்து, கடிகாரம் வைத்து ஒருமுறை எழுதிப் பாருங்கள். எந்தத் திறனில் பலவீனம் என்று தெரிந்த பிறகு, அந்தத் திறனுக்கு மட்டும் 2021-க்குப் பிந்தைய நூல் ஒன்று வாங்கினால் போதும்.

பேச்சுக்கு எந்த நூலும் உதவாது. நான்கு நண்பர்கள், ஒரு கைப்பேசி, வாரம் இரண்டு மாலை. தலைப்பு ஒன்றை எடுத்துப் பேசி, பதிவு செய்து, திரும்பக் கேட்பதுதான் வழி. செலவு இல்லாததால் இதை யாரும் விளம்பரப்படுத்துவதில்லை.

எஸ்.டி.பி.எம்.: புள்ளி எங்கே இருக்கிறது?

ஆறாம் படிவ அறிவியல் பாடங்களுக்கு நூல் வாங்கும்போது பெரும்பாலான பெற்றோர் பார்ப்பது பக்க எண்ணிக்கையையும் ‘ஆயிரம் வினாக்கள்’ என்ற அட்டைச் சொல்லையும்தான். தாளின் அமைப்பைப் பார்த்தால் கணக்கு வேறாக இருக்கிறது.

இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய பாடங்களின் ஒவ்வொரு தவணைத் தாளுக்கும் 60 புள்ளி. அதில் பல்தேர்வு வினாக்கள் 15, புள்ளியும் 15. கட்டமைப்பு வினாக்கள் இரண்டுக்கு 15 புள்ளி. மீதி 30 புள்ளி விரிவாக விடை எழுதும் பகுதிக்கு. அதாவது பாதிப் புள்ளி, மாணவர் தன் சொந்தச் சொற்களில், படிப்படியாக எழுதும் விடையில் இருக்கிறது.

பல்தேர்வு வினாக்கள் மட்டும் நிறைந்த நூலை முழுவதும் முடித்தாலும், அது நேரடியாகப் பழக்குவது தாளின் கால் பகுதியைத்தான். முழு விடையையும், எந்த வரிக்கு எந்தப் புள்ளி என்ற குறிப்பையும் தரும் நூலே பயன் தரும். கடையில் நின்று நூலைத் திருப்பி, கடைசிப் பகுதியைப் பாருங்கள். ‘விடை: பி’ என்று மட்டும் இருந்தால் வைத்துவிடுங்கள். ஏன் ‘பி’ என்று ஒரு பத்தி இருந்தால் வாங்குங்கள்.

இன்னொன்று. தேர்வு மன்றம் வெளியிடும் பாட அறிக்கைகளைப் பெற்றோர் பலர் கேள்விப்பட்டதே இல்லை. ஒவ்வொரு பாடத்திலும் மாணவர்கள் எந்த வினாவில் எப்படித் தவறினார்கள், எதிர்பார்த்த விடை என்ன என்று தேர்வு நடத்தியவர்களே எழுதும் அறிக்கை அது. நகலெடுத்து விற்கும் எந்தக் குறிப்பையும்விட மதிப்புள்ளது. ஆசிரியரிடம் கேட்டால் எங்கே கிடைக்கும் என்று காட்டுவார்.

செய்முறைப் பணிக்கும் ஐந்தில் ஒரு பங்குப் புள்ளி இருக்கிறது. அதைப் பள்ளி ஆய்வகத்தில் ஒழுங்காகச் செய்து, அறிக்கையை நேரத்தில் ஒப்படைத்துத்தான் வாங்க முடியும். எந்த நூற்கடையிலும் அது கிடைக்காது.

ஆப்டோமெட்ரியை விரும்பும் மாணவர்களுக்கு இயற்பியல் பற்றித் தனியாக ஒரு சொல். கண் மருத்துவம் தொடர்பானது என்பதால் உயிரியல் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இத்துறையின் அடித்தளம் ஒளியியல். எஸ்.பி.எம். நான்காம் படிவ இயற்பியலில் வரும் ‘ஒளியும் ஒளியியலும்’ அத்தியாயமும், எஸ்.டி.பி.எம். மூன்றாம் தவணையில் வரும் வடிவ ஒளியியலும்தான் பின்னாளில் வில்லையின் திறனைக் கணக்கிடும் அன்றாட வேலையாகின்றன. பாடத் தேர்வைச் செய்யும் முன்பே, விரும்பும் பல்கலைக்கழகம் எந்தப் பாடங்களைக் கேட்கிறது என்று யு.பி.யு. பக்கத்தில் பார்த்துவிடுங்கள். நூலை மாற்றலாம், பாடத்தைப் பாதி வழியில் மாற்றுவது கடினம்.

மூன்று மொழிகளின் நடுவே

நம் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் படித்தவர்கள், இடைநிலைப்பள்ளியில் மலாயில் படிக்கிறார்கள். டி.எல்.பி. வகுப்பு என்றால் ஆங்கிலத்தில். டியூஷனில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி, வாங்கிய நூலில் இன்னொரு மொழி.

ஒரு சிறு உதாரணம் போதும். தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும் குறையைத் தமிழில் கிட்டப்பார்வை என்கிறோம். கிட்டத்தில் உள்ளது மட்டும் தெரியும் என்பது அதன் பொருள். அதே குறைக்கு மலாயில் ‘ராபுன் ஜாவோ’ என்று பெயர். தூரம் மங்கல் என்பது அதன் பொருள். சொல்லுக்குச் சொல் மாற்றும் மாணவர் ‘ஜாவோ’ என்றால் தூரம், ஆகவே தூரப்பார்வை என்று எழுதுவார். விடை தலைகீழாகிவிடும். அதைச் சரிசெய்யும் வில்லையும் குழிக்குப் பதில் குவியாகிவிடும். அறிவு இருந்தும் புள்ளி போய்விடும்.

எனவே நூல் வாங்கும்போது முதல் கேள்வி, பிள்ளை எந்த மொழியில் விடை எழுதப் போகிறாள் என்பது. முக்கிய நூல் அந்த மொழியில் இருக்க வேண்டும். வேறு மொழி நூல் துணைக்கு இருக்கலாம். கூடவே ஒரு சிறு குறிப்பேட்டில் மூன்று மொழிக் கலைச்சொற்களை எழுதி வைக்கும் பழக்கம் நான்காம் படிவத்திலேயே தொடங்கினால், ஆறாம் படிவத்தில் அது அவளுடைய சொந்த அகராதியாக இருக்கும்.

ஊக வினாக்களின் சந்தை

தேர்வு நெருங்கினால் புலனத்திலும் டெலிகிராமிலும் ஊக வினாத் தொகுப்புகள் பெருகும். ‘இந்த ஆண்டு நிச்சயம் வரும்’ என்ற உறுதிமொழியுடன் 30 ரிங்கிட், 50 ரிங்கிட் என்று விற்கப்படும். ஊகித்தவர் யார் என்று பெயர் இருக்காது. வினா வராமல் போனால் குழுவே மறைந்துவிடும்.

‘ஊகம்’ என்ற பெயரில் சில வேளைகளில் கசிந்த வினாக்கள் சுற்றுவதும் நடந்திருக்கிறது. 2014-இல் யு.பி.எஸ்.ஆர். அறிவியல், ஆங்கிலத் தாள்கள் கசிந்து, பிஞ்சுப் பிள்ளைகள் நாடு முழுவதும் மீண்டும் தேர்வெழுத நேர்ந்ததை நாம் மறந்துவிடவில்லை. கசிவு உண்மையானால் எல்லாருக்கும் தண்டனை. பொய்யானால் வாங்கியவருக்கு மட்டும் நட்டம். இரண்டிலும் பிள்ளைக்கு நன்மை இல்லை.

இதற்கு மாற்றாக இலவசமாகக் கிடைப்பவை பல. எஸ்.பி.எம். மாணவர்களுக்குக் கல்வி அமைச்சின் டெலிமா தளத்தில் பாடநூல்கள் மின்னூல்களாகவே உள்ளன. ஒவ்வொரு பாடத்தின் கலைத்திட்ட ஆவணமும் பொதுவில் கிடைக்கிறது. ஒரு பயிற்சி நூலை வாங்கும் முன் அதன் உள்ளடக்கத்தை இந்த ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். 2021-க்கு முந்தைய பழைய கலைத்திட்ட நூல்கள் இன்றும் மலிவு விலையில் விற்கப்படுவதால் இந்தப் பத்து நிமிடம் முக்கியம்.

நூலால் தீராத சிக்கல்

இதையெல்லாம் சொல்லும்போது ஒரு நியாயமான எதிர்க்கேள்வி எழும். நம் பிள்ளைகளின் சிக்கல் நூலா, இடமா? மெட்ரிகுலேஷனில் 90-க்கு 10 என்ற ஒதுக்கீடு இருக்கும்போது, சரியான நூலைத் தேர்ந்தெடுத்து என்ன ஆகப் போகிறது?

கேள்வியில் உண்மை இருக்கிறது. 2019-இல் மெட்ரிகுலேஷன் இடங்கள் 25,000-லிருந்து 40,000 ஆக உயர்த்தப்பட்டபோதும் அந்த விகிதம் மாறவில்லை. 2024-இன் மத்தியில், எஸ்.பி.எம்.-இல் 10 ஏ-வும் அதற்கு மேலும் பெற்ற மாணவர்களுக்கு இனப் பாகுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் என்று பிரதமர் அறிவித்தது நல்ல நகர்வு. ஆனால் எட்டு ஏ, ஒன்பது ஏ எடுத்த பிள்ளையின் நிலை அதனால் மாறவில்லை. அவர்களுக்காகக் குரல் கொடுப்பது அரசியல் தலைவர்களின் கடமை. கேட்பது நம் உரிமை.

ஆயினும் அந்தக் குரல் பலிக்கும்வரை பிள்ளைகள் காத்திருக்க முடியாது. இடம் கிடைக்காத பெரும்பாலோர் போகும் வழி எஸ்.டி.பி.எம். அங்கே இன ஒதுக்கீடு இல்லை. தாள் எல்லாருக்கும் ஒன்று. கடினமான வழி என்பதால்தான் அதில் தயாரிப்பு பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. இரண்டு போராட்டமும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டியவை.

அதில் சமுதாய அமைப்புகளுக்கும் பங்கு உண்டு. பரிசளிப்பு விழாவில் மாலையும் பணமுடிப்பும் கொடுக்கிறோம். அதில் ஒரு பகுதியை எடுத்து, ஆலயத்திலோ தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கத்திலோ ஆறாம் படிவ நூல் வங்கி ஒன்று தொடங்கலாம். எஸ்.டி.பி.எம். முடித்த மாணவர் தன் நூலைக் கொடுக்கட்டும். எது உதவியது, எது உதவவில்லை என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வைக்கட்டும். அடுத்து வரும் பிள்ளைக்கு அந்த ஒரு தாள் நூலைவிடப் பெரிய உதவி. பழைய அமைப்பு நூல்களை வங்கியிலிருந்து நீக்க ஓர் ஆசிரியர் ஆண்டுக்கு ஒருநாள் ஒதுக்கினால் போதும்.

அந்தத் தாயார் கிளம்பும் முன் அவரிடம் மூன்று காரியங்கள் சொன்னேன். முவெட் மாதிரித் தாளை மகள் இந்த வாரமே எழுதிப் பார்க்கட்டும். முதல் தவணைப் பாடங்களுக்கு மட்டும், விளக்கமான விடையுள்ள நூல் பாடத்துக்கு ஒன்று வாங்குங்கள். அடுத்த தவணைக்கு இப்போது வேண்டாம். கொண்டுவந்த நூல்களில் அமெரிக்க நூல் இரண்டையும் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள்.

“அப்போ இதுக்கு மேல வாங்க வேணாமா சார்?” என்றார். நிம்மதியும் வருத்தமும் சேர்ந்த குரல். பக்கத்தில் நின்ற மகள் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

அவளுக்கு இன்னும் மூன்று தவணை இருக்கிறது. நேரம் இருக்கிறது. நம் வீட்டிலும் அப்படியொரு பை இருந்தால், இந்த வார இறுதியில் அதைப் பிரித்து ஒவ்வொரு நூலின் அச்சான ஆண்டையும் பாருங்கள்.